ரெண்டு கீப்பர், ஒரே தீட்டு

பிள்ளைங்களா, நேற்று சாப்பிடும்போது நீங்கள் ரெண்டு பேரும் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "உனுக்கு இன்னாப்பா தோணுது?" என்று சின்னவன் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் நீளம். வாயால் சொன்னால் பாதியிலேயே ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் அக்கா திருத்திக்கொள்ளட்டும்.

உங்கள் சண்டை கீப்பரைப் பற்றி. நம்ம ஊர் ஹாக்கி டீமுக்கு இப்போது கீப்பர் இல்லை. டவுனிலிருந்து ஒரு நல்ல கீப்பரை டோர்னமெண்டுக்கு மட்டும் வரவழைத்தால் கப் நமக்குத்தான் என்கிறான் தம்பி. தோத்தாலும் பரவாயில்லை, ஊர் ஆளையே நிறுத்தி மூணு நாலு வருஷத்தில் தயார் பண்ணணும் என்கிறாள் அக்கா. எனக்கு அக்கா சொல்வதுதான் சரி என்று படுகிறது. ஆனால் ஊர் ஆளைத் தயார் பண்ணுகிறேன் என்று நானும் ஒரு தடவை கிளம்பினேன். ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் டீம் செகரட்டரியாக இருந்தது அக்கா ஒண்ணாவது படித்த காலம் வரை. சின்னவன் அப்போது பால் குடிக்கிற பிள்ளை.

எங்கள் காலத்தில் கீப்பர் என்றால் ஓட முடியாதவன், இல்லாவிட்டால் லேட்டாக வந்தவன். அப்படித்தான் எங்கள் பெரிய கீப்பரும் கோலுக்குள் போனார். பேர் வேண்டாம், பெரிய கீப்பர் என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் வீட்டில் ஸ்டிக் வாங்கித் தரவில்லை, அதனால் கோலில் நிறுத்தினார்கள். போனவர் பதினாலு வருஷம் வெளியே வரவில்லை. நல்ல கீப்பர். காலைவிட அவருக்கு வாய் வேகம். "லெஃப்ட்ல ஆளு போறான், இன்னாடா பாக்குற, பல்லா வெளக்குற?" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருப்பார். நான் ஃபுல் பேக், அவருக்கு நேர் முன்னால் நிற்கிறவன். அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஆடினேன். திரும்பிப் பார்க்க வேண்டிய வேலையே இருக்காது. டவுனிலிருந்து ரெண்டு நாளைக்கு வருகிறவனுக்கு நம்ம ஃபுல் பேக் பேரே தெரியாதுடா தம்பி, அவன் எப்படிக் கத்துவான்? ஃபார்வேர்டு ஒருத்தனை ஒரு சீசனில் தயார் பண்ணிவிடலாம். கீப்பரும் ஃபுல் பேக்கும் ஒருத்தரை ஒருத்தர் பழக வருஷம் ஆகும்.

கீப்பர் சாமான் டீமுக்கு ஒரே ஒரு செட் இருந்தது. டவுனில் ஒரு கிளப் கலைந்தபோது வாங்கின பழைய சாமான். காலுக்கு ரெண்டு பேடு, மார்புக்கு ஒரு கவசம், கையுறை, ஹெல்மெட். எல்லாம் ஒரு சாக்குப் பையில் பெரிய கீப்பர் வீட்டுப் பரணில் இருக்கும். மேட்ச் அன்றைக்கு அவரே வண்டியில் கட்டிக்கொண்டு வருவார்.

அவருக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரு தடவை வில்லியனூரில் மேட்ச். அன்றைக்குப் பார்த்து ஆள் வரவில்லை என்று அவரை ரெண்டாவது ஷிப்டும் பார்க்க வைத்துவிட்டார்கள். எங்கள் ஃபார்வேர்டு ஒருத்தன் சாதாரண ஷூவோடு கோலில் நின்றான். ஏழு கோல். ஏழாவது கோலுக்கு அவன் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டான்.

அந்த வாரம் டீக்கடையில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன்: "இனிமே நம்ம டீமுக்கு ரெண்டு கீப்பர். ஒருத்தர் இல்லன்னா ஒருத்தர்."

எல்லோரும் தலையாட்டினார்கள். யார் அந்த ரெண்டாவது ஆள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெரிய கீப்பருடைய சித்தப்பா மகன், பக்கத்து வீடு, குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சாமானை அங்கே இங்கே தூக்க வேண்டாம். சாயந்திரம் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்திலேயே அண்ணனும் தம்பியும் பழகிக்கொள்ளலாம். ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் கேட்பார். இதைவிட வசதி உண்டா? சின்ன கீப்பர் மோசமும் இல்லை. ஒரு வருஷத்தில் தேறிவிட்டார். பண்டசோழநல்லூர்க்காரர்களிடம் நான், "உங்களுக்கு ஒரு கீப்பருக்கே வழியில்ல, எங்களுக்கு ரெண்டு" என்று பெருமை பேசினேன்.

அன்றைக்கு டீக்கடையில் இன்னொருத்தரும் இருந்தார். அவர் கொத்தனார். மாதா கோயில் தெருக்காரர். அந்தத் தெரு ஆட்கள் ஒரு காலத்தில் நம்ம தெரு நிலத்தில் வேலை பார்த்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் காலத்தில் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. கொத்து வேலை, கம்பெனி, சர்க்கார் வேலை என்று போய்விட்டார்கள். டீமில் அந்தத் தெருவிலிருந்து நாலு பேர் ஆடினார்கள். ஒரே பாட்டிலில் தண்ணி குடித்தோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நாங்கள் பாட்டிலைத் தூக்கித்தான் குடித்தோம், எல்லோருமே. அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கீப்பர் சாமானை மட்டும் அந்தத் தெரு ஆள் யாரும் போட்டதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது. யாரும் வாயால் சொன்னதும் கிடையாது.

கொத்தனார் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னையும் கீப்பிங்குக்கு வச்சிக்கோங்கண்ணே. மூணாவது ஆளா இருந்துட்டுப் போறேன்."

"உனுக்கு அந்த செட்டு அளவு சேராதுடா. நீ வாட்டசாட்டமா இருக்குற" என்றேன் நான்.

"போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

அவர் என்னைவிட ஒரு வயசு மூத்தவர். அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை டா போட்டேன். எழுதும்போது அவர் என்று வருகிறது. அன்றைக்கு வாயில் அப்படி வரவில்லை.

அதற்கப்புறமும் ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்கும்போது அவர் கேட்டார். நாலு வருஷம். நாலு வருஷமும் நான் பாக்கலாம் என்றேன். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு நாள் சாமான் எடுக்கப் போயிருந்தபோது பெரிய கீப்பருடைய அம்மா சொன்னது: "கண்டவன் தலையில மாட்டுனத என் புள்ள தலையில மாட்டணுமா? வேர்வ நாத்தம் போவுமா?" அப்போது அந்த ஹெல்மெட்டைச் சின்ன கீப்பரும்தான் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் கண்டவன் என்று யாரைச் சொன்னார்கள் என்பது புரிந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் டீமுக்குள் சண்டை வரும், டீம் ஒத்துமையாக இருக்கணும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி.

அந்த நாலு வருஷத்தில் ஒரு நாள் பாகூர் பக்கம் ஒரு வீட்டு வேலையில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தோம். நான் கீழே சுவரைக் கொத்தி வயரிங் பைப் பதித்துக்கொண்டிருந்தேன். அவர் மாடியில், தளத்து ஓரத்தில் நின்றார். கீழே இருந்து ஒருத்தர் செங்கல்லை ரெண்டு ரெண்டாக வீசுவார். இவர் மேலே பிடித்து, நெஞ்சோடு ஒரு அணை அணைத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் அடுக்குவார். மத்தியானத்துக்குள் ஒரு லோடு மேலே போய்விட்டது. ஒரு கல் கீழே விழவில்லை. நான் உளியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

டீ நேரத்தில் சொன்னேன்: "உனுக்குக் கை நல்லா இருக்குடா."

"கை நல்லாத்தான் இருக்குதுண்ணே. தலைதான் அளவு சேரல" என்றார்.

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி அந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன். நம்ம டோர்னமெண்ட் மாரியம்மன் கோயில் திடலில்தானே நடக்கும். திடல் சின்னது என்பதால் ஏழு பேர் ஆட்டம். ஊரில் காப்புக் கட்டி முடிந்தது. மேட்ச் சனி, ஞாயிறு. வியாழக்கிழமை காலையில் வில்லியனூரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பெரிய கீப்பருக்குப் பெரியப்பா.

நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். மாலையைப் போட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தேன். எதிரே பெரிய கீப்பரும் சின்ன கீப்பரும் இடுப்பில் துண்டோடு பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு பேரும் பங்காளி. ரெண்டு பேருக்கும் தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரை கோயில் திடலில் ரெண்டு பேருமே கால் வைக்க முடியாது. ஊர் விட்டாலும் அவர்களாகவே வர மாட்டார்கள்.

ஒரு கீப்பர் இல்லாவிட்டால் இன்னொருத்தர் என்று ஏற்பாடு பண்ணினவன், ஒரே சாவு ரெண்டு பேரையும் கொண்டுபோகும் என்று யோசிக்கவில்லை. சாவு கூட வேண்டாம், ஒரு கல்யாணம் வந்தாலும் ரெண்டு பேரும் பந்தலில்தான் நிற்பார்கள். வீட்டில் கரண்ட் போனால் இருக்கட்டும் என்று இன்வெர்ட்டர் வைக்கிறோம். அதை அதே சுவிட்சில் கொண்டுபோய் மாட்டின மாதிரி வேலை. வயரிங் வேலை பார்க்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

சாவுக்கு வந்திருந்த பண்டசோழநல்லூர் ஆட்டக்காரர் ஒருத்தர் என் காதருகே குனிந்தார். "இன்னாபா, ரெண்டு கீப்பரும் இங்க நிக்கிறாங்க? கோல்ல ரெண்டு செங்கல்லு வச்சிருவீங்களா?"

சாவு வீட்டில் சிரிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. தோளில் கையை வைத்து நகர்த்திவிட்டு வந்தேன்.

சாயந்திரம் டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை. "தலமுழுவிட்டு வந்து ஆடலாமே" என்றான் ஒருத்தன். தர்மகர்த்தா பக்கத்தில்தான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், பேப்பரை இறக்காமலே "ஆடலாம், அடுத்த மாசம்" என்றார். வெளியூர் கீப்பரைக் கூப்பிடலாம் என்றால் சுத்துப்பட்டில் இருக்கிற எல்லா டீமும் இங்கேதான் ஆட வருகிறது. யார் நமக்கு ஆள் தருவார்கள்? கொத்தனார் பேர் எல்லோர் மனதிலும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கடைசியில் நான் எழுந்து, "நான் போய் அவனக் கேக்குறேன்" என்றேன். யாரை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்குப் போனேன். வண்டியில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு முன்னாலேயே தெரியும். நான் சொல்லி முடிக்கிற வரை கேட்டார். பிறகு வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இப்ப அளவு சேருமாண்ணே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா குரல் வந்தது: "அங்க சாவு வுழுந்தாத்தான் அவங்களுக்கு இந்தத் தெரு கண்ணுல படும்போல."

"நீ சும்மா இரு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளைக்குன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க. எனக்குக் கூலி போவும். சும்மா நிக்க வச்சிட்டு, கருமாதி முடிஞ்சதும் தேங்ஸ்பான்னு சொல்றதுக்கு நான் வர்ல. அடுத்த வருசமும் நான்தான்னா சொல்லுங்க, வர்றேன். எங்க வூட்லதான் சாமான் இருக்கும். பிராக்டிஸுக்கு அவங்க வூட்டு வாசல்ல போயி நான் நிக்க மாட்டேன்."

"அவங்க ரெண்டு பேரு இருக்காங்களே..."

"இருக்கட்டும். அவங்களும் வந்து வாங்கிட்டுப் போவட்டும்."

நான் சரி என்றேன். யாரையும் கேட்காமல் சொன்னேன். சொல்லும்போது, ஜெயித்தால் இதைக் காப்பாற்றுவது சுலபம், தோற்றால் என்ன பண்ணுவேன் என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

அங்கிருந்து நேராகப் பெரிய கீப்பர் வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டில் போய் ஹாக்கி சாமான் கேட்பதற்கு என்ன முகம் வேண்டும். வாசலில் நின்று மெதுவாகச் சொன்னேன். அவர் அம்மா உள்ளேயிருந்து, "இப்ப யாரு மாட்டப் போறாங்க?" என்று கேட்டார்கள். நான் யார் என்று சொன்னேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய கீப்பர் பரணில் ஏறிச் சாக்குப் பையை இறக்கினார். இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். வாசலுக்கு வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார்:

"முட்டி போயி ரெண்டு வருசமாச்சு. சொன்னா தூக்கிடுவீங்கன்னு சொல்லல. குனிஞ்சி பேடு கட்டவே முடியல."

ரெண்டு வருஷமாக டீமுக்கு அரை கீப்பர்தான் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. பசங்களா, கீப்பர் தானாக வந்து சொல்ல மாட்டார். அவருக்கு இருப்பது ஒரே இடம். ஃபார்வேர்டுக்கு வயசானால் பின்னால் வந்து ஆடலாம், கீப்பர் எங்கே போவார்? வருஷத்துக்கு ஒரு தடவையாவது உட்கார வைத்து, காலைப் பற்றிக் கேளுங்கள். கேட்டால் உடனே வெளியே அனுப்பிவிட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருக்க வேண்டும்.

சாமானைத் திடலுக்குக் கொண்டு வந்தால் இன்னொரு பேச்சு வந்தது. தீட்டு வீட்டுப் பரணில் இருந்த சாமான், கோயில் திடலில் வரலாமா? தர்மகர்த்தா ரொம்ப யோசிக்கவில்லை. "மஞ்சத் தண்ணி தெளிச்சிடுங்கப்பா, போதும்" என்றார். ஒரு சொம்பு தண்ணியில் மஞ்சளைக் கரைத்துச் சாக்கு மேலே தெளித்தார்கள். அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சாவுத் தீட்டுக்கு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணி போதுமாக இருந்தது. நாலு வருஷமாக நான் சொல்லி வந்த அளவைப் பற்றி அப்போது நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் கொத்தனார் முதல் தடவையாக அந்தச் சாமானைப் போட்டார். ஹெல்மெட் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. மார்புக் கவசமும் சரி. கால் பேடில் மட்டும் கஷ்டம். அவருக்குக் கெண்டைக்கால் தடிமன். வாரின் நுனி பக்கிளுக்குள் நுழைந்தது, ஆனால் ஓட்டை வரை இழுபடவில்லை. கொத்து வேலைக்குக் கட்டுகிற நைலான் நூலால் பேடைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

முதல் மேட்ச் பண்டசோழநல்லூரோடு. ரெண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம். அவர் கத்தவில்லை. பின்னால் சத்தமே இல்லாததால் நான் ஒரு கண்ணை முதுகில் வைத்துக்கொண்டு ஆடினேன். ஆனால் வந்ததை எல்லாம் காலால் தள்ளிவிட்டார். செங்கல் என்று காதில் சொன்ன ஆள் மேட்ச் முடிந்ததும் வந்து, "செங்கல்லு இல்லபா, சுவரே கட்டி வச்சிருக்கீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செமி ஃபைனல், பூரணாங்குப்பத்தோடு. முடிய நாலஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஒன்றுக்கு ஒன்று. அவர்கள் ஃபார்வேர்டு ஒருத்தன் வலது ஓரத்திலிருந்து அடித்த பந்து எங்கள் ஆள் ஸ்டிக்கில் பட்டு மேலே எழும்பிவிட்டது. மார்பு உயரத்துக்கு நேராகக் கோலுக்குப் போகிறது. கொத்தனார் ரெண்டு கையையும் நீட்டினார். பிடித்தார். பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

விசில்.

ஹாக்கியில் கீப்பர் பந்தைக் கையால் தடுக்கலாம், தட்டிவிடலாம், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், எத்தனை வருஷமாக ஆடுகிறவர். பந்தைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தார்கள். அதைத் தடுக்க முடியவில்லை. ரெண்டுக்கு ஒன்று, தோற்றுப்போனோம். திடலைச் சுற்றி நின்றவர்கள், "இன்னா மேஸ்திரி, அடுக்கிட்டியா?" என்று கத்தினார்கள். கத்தினது வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை.

நான் அவரிடம் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையெல்லாம் வேர்வை.

"ரூல் தெரியும்ணே. கைக்குத் தெரியல."

சாமானைக் கழற்றிக் கோல் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயந்திரம் திடலிலேயே டீம் கூடியது. ஏழு கோல் அன்றைக்குக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றானே, அவன்தான் ஆரம்பித்தான்: "பழக்கம் இல்லாத ஆள நிறுத்துனா இப்பிடித்தான். சாமானத் திருப்பி அவங்க வூட்லயே குடுத்துருங்க."

"பழக்கம் ஏன் இல்ல?" என்றேன்.

"அவனுக்கு ஏது பழக்கம்?"

"நாலு வருசம் கேட்டார். நான்தான் குடுக்கல. நாலு வருசம் சந்துல நின்னு பந்தத் தட்டியிருந்தா அந்தக் கை பிடிச்சிருக்குமா? அந்த கோலு அவர் வுட்டது இல்ல, நான் வுட்டது."

"இப்ப இன்னான்ற?"

"அடுத்த வருசமும் அவர்தான். அவர் வூட்லதான் சாமான். வார்த்த குடுத்துட்டு வந்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரையும் கேக்கல."

ரெண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாதா கோயில் தெரு ஆட்கள் மூணு பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கடைசி வரை இருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பேசுகிறேனா இந்தப் பக்கம் பேசுகிறேனா என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. நாலு வருஷம் பாக்கலாம் என்றவனை ஒரு சாயந்திரத்தில் எப்படி நம்புவார்கள்?

எழுந்து போன ரெண்டு பேரில் ஒருத்தன் திரும்ப வந்தான். ஒருத்தன் வரவில்லை. நல்ல ஃபார்வேர்டு அவன், அந்த நஷ்டம் நஷ்டம்தான். சின்ன கீப்பர் ஒரு மாசம் கோபமாக இருந்துவிட்டு, பிறகு மாதா கோயில் தெருவுக்குப் போய்ச் சாமானை வாங்கிக்கொண்டு பிராக்டிஸுக்கு வந்தார். அவருக்கு அதில் பெரிய கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை. கஷ்டம் இருக்கும் என்று அவருக்காக நாங்கள்தான் நினைத்திருக்கிறோம். அவருடைய பெரியம்மா, பெரிய கீப்பர் அம்மா, என்னோடு ரெண்டு வருஷம் பேசவில்லை. பெரிய கீப்பர் ஆடுவதை நிறுத்திவிட்டு கோலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "கையத் தொற! கையத் தொற! செங்கல்லு இல்லடா அது!" என்று கத்திக்கொண்டிருப்பார். கொத்தனாரும் மெல்ல மெல்லக் கத்தக் கற்றுக்கொண்டார். அவரிடம் என்னை அண்ணே என்று கூப்பிட வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தார். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அதனால் அக்காவை ஒன்று கேட்கிறேன். ஊர் ஆள் என்றாயே, ஊர் எந்தத் தெருவோடு முடிகிறது? உங்கள் டீமில் யாராவது உங்களிடம் வந்து கேட்டு, நீங்கள் பாக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். ரெண்டு கீப்பர் வையுங்கள், முடிந்தால் மூணு. ஒரு வீடு, ஒரு கம்பெனி, ஒரு வண்டி என்று ஒன்றாக இருக்கிறவர்களை வைக்காதீர்கள். ரெண்டாவது ஆளுக்கு உண்மையான மேட்ச் கொடுங்கள், தோற்கக்கூடிய மேட்சையே கொடுங்கள். கை வேறு எங்கேயும் கற்றுக்கொள்ளாது. தம்பி சொல்கிற டவுன் ஆள் வந்தால் இந்த வருஷம் கப் வரலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு சாமானை நான்தான் நம்ம வீட்டுக்கு எடுத்து வந்தேன். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகவில்லை. அம்மா உங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திருவிழாக் கடைக்குப் போயிருந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து ரெண்டு பேடையும் மடியில் வைத்து நைலான் நூலை அவிழ்த்தேன். ஒயர் ஒட்டுகிற சால்ட்ரிங் அயனைச் சூடு பண்ணினேன். ஒரு பேடுக்கு மூணு வார். வாரின் நுனியிலிருந்து ஒரு விரல் விட்டு, சூட்டை வைத்து அழுத்தினேன். தோல் கருகின நாத்தம் வந்தது. ஆறு வாரிலும் ஒவ்வொரு ஓட்டை போட்டு, ஓரத்தில் பிசிறு இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்து, பக்கிளை மாட்டி இழுத்துப் பார்த்தேன். பிறகு சாக்கில் போட்டு வண்டியில் கட்டினேன்.